தலைக்கு மேல் முப்பது சாக்கு

நான் ஏசி மெக்கானிக். கோடை வந்துவிட்டால் சோறு தின்னக்கூட நேரமிருக்காது. போகிற வீட்டிலெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: மெஷினைத் திட்டாதீர்கள், மொட்டை மாடியைப் பாருங்கள், தளத்தில் வெயில் நேராக விழுந்தால் எந்த ஏசியும் மூச்சு வாங்கும் என்று. ஊருக்குத்தான் உபதேசம்.

என் வீட்டுப் பின்னறையில் அக்கா படுத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவளுக்கென்று ஒரு ஏசி மாட்டினேன். குளிர் பட்டால் விழுந்த கை குடைகிறது என்று ஒரே வாரத்தில் கழற்ற வைத்துவிட்டாள். மின்விசிறி போதுமாம். இந்த உடம்பு சூட்டைத் தாங்காது, அறை அனலாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எத்தனை வெயிலிலும் அந்த அறை அனலானதில்லை. அதற்கு நேர் மேலே தளத்தில் மண் நிரப்பித் தக்காளி நட்ட என் சாக்குகள் முப்பது, காலையும் மாலையும் நனைந்து, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

தக்காளி எனக்குப் பிடித்த பைத்தியம். மூன்று வருடமாக ஒரு காயைக் கண்ணால் பார்த்ததில்லை. செடி இடுப்பளவு வளரும், பூக்கும், வெயில் ஏறியதும் பூவெல்லாம் காம்போடு உதிரும். அக்காவுக்கு வாய் கோணியதே தவிர கேலி குறையவில்லை. கடையில் நாலு தக்காளி வாங்கி வந்து செடியில் கட்டித் தொங்கவிடு, பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்பாள். அச்சகத்தில் கால் கடுக்க நின்று என்னைத் தொழில் படிக்க வைத்தவள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைதான்.

இந்த வருட வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் வீட்டில் ஏசி பார்க்கப் போனபோது பூ உதிர்கிற கதையைச் சொல்லி அழுதேன். பிற்பகல் வெயில்தான் பூவைக் கருக்குகிறது, நிழலுக்கு மாற்றிப் பாருங்கள் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே முப்பது சாக்கையும் முன்பக்கத் தளத்துக்கு, தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

அவர் வாக்கு பலித்தது. ஒரு வாரத்தில் பூ உதிர்வது நின்றது. பன்னிரண்டாம் நாள் பட்டாணி அளவில் பச்சைப் பிஞ்சுகள். சின்னப்பிள்ளை மாதிரி ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவாடா? எத்தனை?"

"எண்ணலக்கா. எல்லாச் செடியிலயும் இருக்கு."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, மெல்ல, ரூம் கொஞ்சம் அனலா இருக்குடா என்றாள். எங்கேதான் அனல் இல்லை, ஊரே அடுப்பாகத்தானே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு ஏழு வீடு பாக்கி.

மூன்றாம் நாள் மதியம் யார் வீட்டு மாடியிலோ நின்றுகொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. உடம்பு தொட்டால் சுட்டது, பொட்டு வியர்வை இல்லை. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டாள். சூடு தாங்காமல்தான் என்றார் டாக்டர். அறை எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

எல்லாம் முடிந்த மறுநாள் மாலை, அறையைச் சுத்தம் செய்ய முக்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைத்தேன். புறங்கை மேற்கூரையில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வெயில் இறங்கிய பிறகும் காங்கிரீட் கொதித்தது. பதினெட்டு வருடம் இதே தொழிலில் இருக்கிறவனுக்கு வேறு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கை எடுத்ததுலேருந்துதான் இப்படிக் கொதிக்குதுன்னு அண்ணி சொன்னாங்க."

"எப்போ?"

"நீங்க காய் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, அன்னிக்கு. நீங்க கிளம்பினப்புறம். சொல்லி மாத்த வைக்கிறேன்னேன். என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. சொன்னா உடனே எல்லாத்தையும் வெயிலுக்கே இழுத்துட்டு வந்துடுவான், மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் சிரிக்கிறான், பழுக்கிற வரைக்கும் பொறுத்துக்கிறேன்னாங்க. தரையை மட்டும் அடிக்கடி நனைச்சுவிடுன்னாங்க. நானும் நனைச்சுவிட்டேன்."

ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்ன?

மாடிக்கு ஏறினேன். முப்பதையும் வேரோடு பிடுங்கித் தெருவில் வீச வேண்டும் என்றுதான் ஏறினேன். முதல் செடியில் கை வைத்ததும் முடியவில்லை. இது அவள் பொறுத்துக்கொண்ட காய். இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் இலை துவண்டிருந்தது. குழாயைத் திறந்து எல்லாவற்றுக்கும் ஊற்றினேன்.

இன்னும் தினமும் ஊற்றுகிறேன். நேற்று ஒன்று சிவந்துவிட்டது. அதை எங்கள் வீட்டில் யார் தின்பது?