எவுபிராசியாவின் எரிந்த ஏடுகள்

புராசே எரிமலையின் முகட்டில் வெண்புகை சோம்பலாய் எழுந்து முகிலோடு கலக்க, நண்பகல் மழை பெய்து ஓய்ந்த ஈரம் சுண்ணாம்பு பூசிய சுவர்களில் இன்னும் வழிந்துகொண்டிருக்க, ஓட்டுக்கூரை விளிம்புகளிலிருந்து துளிகள் கல்பாவிய தெருவில் விழுந்து ஒலிக்க, கோவேறு கழுதை ஓட்டுவோர் சந்தையை முடித்துக்கொண்டு மலைச்சரிவை நோக்கித் திரும்ப, பொப்பயான் நகரம் அவ்வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் குளிப்பாட்டி முடித்த குழந்தைபோல் துலங்கிக் கிடந்தது. நகரின் வடபுறத்தே நெடுமதில் சூழ நிற்பது திருக்காயக் கன்னியர் மடம். உள்ளே புகுந்த பெண் பிணமாகியும் வெளிவராத மடம் அது. மதிலுக்குள்ளேயே வாழ்வு, மதிலுக்குள்ளேயே புதைகுழி. வெளியுலகை அவர்கள் காண்பதும் கேட்பதும், வருவோரைச் சந்திக்கும் காண்கூடத்து இரும்புக் கம்பித் தடுப்பின் வழியே. அதற்கும் கருந்திரை உண்டு. பொருள் கொடுக்கவும் வாங்கவும் வாயில்சுவரில் பதித்த சுழல்பேழை ஒன்று உண்டு. இப்பக்கம் வைத்துச் சுழற்றினால் அப்பக்கம் போய்ச்சேரும். வைத்த கையை எடுத்த கை காணாது.

அக்கம்பித் தடுப்பின் இப்பக்கத்தே, முதுகு கூனாமல் மர இருக்கையில் அமர்ந்திருந்தார் தந்தை அன்செல்மோ. கன்னியரின் பாவ அறிக்கையைக் கேட்டு நெறிப்படுத்தும் ஒப்புரவுத் தந்தை அவர். மறைநூல்களைத் தலைகீழாய்ச் சொல்லத்தக்க புலமையும், எச்சொல்லில் பிழை ஒளிந்திருக்கிறதென்று மோப்பம் பிடிக்கும் கூர்மையும் வாய்ந்தவர். அவர் தலையசைத்தால் அது மெய், முகஞ்சுளித்தால் அது பொய் என்று நகரமே நம்பியது. கற்றறிந்தோரே, அந்த மனிதருக்குள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை! பல ஆண்டுகளாக அவரால் இறைவனை நோக்கி ஒரு சொல் மனமார வேண்ட முடியவில்லை. உதடு அசையும், கை உயரும், உள்ளம் மட்டும் வற்றிய கிணறாய்க் கிடக்கும். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுத் தாம் பட்டினி கிடக்கும் சமையற்காரரின் நிலை அவருடையது. வெளியே சொல்லவும் வெட்கம், சொல்லாமலிருக்கவும் வேதனை.

அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. கன்னி எவளேனும் வேண்டுதலில் ஆழ்ந்து இறையின்பம் உற்றதாகத் தெரிந்தால், உற்றதை உற்றபடி எழுதித் தருமாறு ஒப்புரவுத் தந்தை கட்டளையிடுவார், அவள் எழுதுவாள், அவர் ஆராய்வார். எவுபிராசியா என்னும் கன்னிக்கு அவ்வாறுதான் கட்டளை பிறந்தது. ஏழாண்டுகளாக வாரந்தோறும் அவள் எழுதிய தாள்கள் சுழல்பேழையில் வரும். தந்தை படித்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பியனுப்புவார். 'இச்சொல் செருக்குடையது', 'இவ்வுவமை தீது', 'இவ்வரியை வெட்டு' என்பனவே அக்குறிப்புகள். பாராட்டென்று ஒரு சொல்? மருந்துக்கும் கிடையாது. அவளும் வெட்டென்றால் வெட்டினாள், திருத்தென்றால் திருத்தினாள்.

முதல் தாள்கட்டைத் திறந்த அன்று தந்தைக்கு நேர்ந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதல் வறண்டுபோன நாள்களைப் பற்றி எழுதியிருந்தாள் அவள். அந்த வறட்சியிலும் இறைவன் எப்படி அருகே இருக்கிறான் என்று, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் இயல்பாக எழுதியிருந்தாள். படித்துக்கொண்டே வந்தவர் தாளை மூடிவைத்துவிட்டு, சிறுபிள்ளைபோல் தேம்பி அழுதார். அன்றுதான், எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய உள்ளத்திலிருந்து ஒரு வேண்டுதல் எழுந்தது. அது முதல் வாரத்துக்கு ஒருமுறை வரும் அத்தாள்களே அவருக்கு உணவு. அவள் உண்மையில் என்ன எழுதினாள் என்று என்னைக் கேளாதீர். அது இனி எவராலும் சொல்ல முடியாத ஒன்றாகிவிட்டது.

இப்படித் தமக்கு உணவானதை ஏன் அழிக்கச் சொன்னார்? அச்சந்தான், வேறென்ன! திருநூலைத் தொடுமுன் தம் கை அவள் தாள்களைத் தேடுவதை ஒருநாள் உணர்ந்தார், உணர்ந்ததும் நடுங்கினார். இவ்வளவு இனிக்கும் எழுத்து இறைவனிடமிருந்து வந்ததா, தீயோன் விரித்த வலையா என்ற ஐயம் அரித்தது. அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஒப்புரவுத் தந்தையர் வழிவழியாய்க் கையாள்வது. எழுதியதனைத்தையும் எரித்துவிடு என்று கட்டளையிட வேண்டும். தயங்கினால் அது செருக்கின் எழுத்து. மறுசொல் இன்றி எழுந்தால் அது இறைவன் தந்த எழுத்து. எழுந்த அக்கணமே, மகனைப் பலியிட ஓங்கிய ஆபிரகாமின் கையை வானதூதன் தடுத்ததுபோல், தந்தை தடுத்துவிட வேண்டும். படிப்பாளியின் மூளைக்கு எல்லாம் கணக்காய்த்தான் பட்டது.

அன்று, தந்தை சொல்லியனுப்பியபடி, எல்லாத் தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு தடுப்பின் அப்பக்கம் வந்து அமர்ந்தாள் எவுபிராசியா. கருந்திரைக்குப் பின்னே அவள் மூச்சுமட்டும் கேட்டது.

“எவுபிராசியா, இதுவரைக்கும் எழுதினது அத்தனையும் கொண்டாந்திருக்கியா?”

“ஆமாங்க சாமி. ஒண்ணு விடாம.”

“எல்லாத்தையும் கொண்டுபோய் அடுப்புல போட்டுடு.”

 திரைக்கப்பாலிருந்து “சரிங்க சாமி” என்றொரு குரல்; உடனே அங்கி உரசும் ஓசை; அவள் எழுந்துவிட்டாள். தந்தையின் நெஞ்சு பூரித்தது. தேர்ந்துவிட்டாள், இறைவனுடையதுதான்! ‘நில் மகளே’ என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

மணி அடித்தது.

ஐயோ, அந்த மணியை என்னவென்று சொல்வது! வெள்ளிதோறும் பிற்பகல் மூன்றடிக்கும்போது ஆண்டவர் உயிர்நீத்த நேரத்தை நினைந்து அம்மடம் வாய்மூடும். முதல் மணியோசையில் எழுதிய எழுத்தைப் பாதியில் விடுவர், சிரித்த சிரிப்பைப் பாதியில் விடுவர். ஒரு நாழிகை முழுதும், கூரை தீப்பற்றினாலும், எவரும் பேசார், எவர் பேச்சையும் கேளார். மணியோசை இறைவன் குரல். அதற்குமேல் மனிதக் குரலுக்கு மடத்தில் மதிப்பில்லை. இத்தனையும் தந்தை அறிந்ததுதான்; அறிந்திருந்தும், தம் தேர்வின் அழகில் மயங்கி, அன்று வெள்ளி என்பதையே மறந்துபோனார். மணிக்கு முன் காதில் விழுந்த கட்டளை அவளுக்கு எரிப்பது; பெற்ற கட்டளையை நிறைவேற்ற மௌனம் தடையன்று. மணிக்குப் பின் விழுவது எதுவும் கட்டளையே அன்று.

“எவுபிராசியா! நில்லு! போகாதே!” என்று கம்பியைப் பற்றிக்கொண்டு கத்தினார். காலடியோசை சீராகத் தேய்ந்து மறைந்தது.

தலைதெறிக்க ஓடினார் வாயிலுக்கு. சுழல்பேழையை இரு கைகளாலும் அறைந்தார். அப்பக்கம் இருந்தவள் வாயிற்கன்னி தொமாசா. காது மந்தம், ஊர்வம்பு உள்ளே நுழையக்கூடாதென்றே காது மந்தமானவளைத் தேடி வாயிலில் அமர்த்துவது அம்மடத்தின் பழைய சூழ்ச்சி. “தொமாசா! அடுப்பங்கரைக்கு ஓடு! எரிக்க வேண்டாம்னு சொல்லு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். பேழை மெல்லச் சுழன்றது. அதில், ஆவி பறக்க, ஒரு கிண்ணம் கொக்கோக் கஞ்சி.

ஆம், வழக்கமாய் ஒப்புரவு முடிந்ததும் தந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி! அறைந்த அதிர்வு மரத்தின் வழியே அவளுக்குத் தெரிந்தது. பசி பொறுக்காமல் தட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டாள். தந்தை கிண்ணத்தோடு பேழையைத் திருப்பித் தள்ளிவிட்டு மீண்டும் அறைந்தார். பேழை மீண்டும் சுழன்றது. கஞ்சியோடு இப்போது இரண்டு மக்காச்சோள அப்பங்களும் இருந்தன. சிரிப்பதா அழுவதா! அந்த அப்பங்களையும் அவர் திருப்பித் தள்ளப் போனபோது மதிலுக்கு மேலே சமையற்கட்டின் புகைபோக்கியிலிருந்து, விறகுப்புகையின் சாம்பல் நிறத்திலன்றி, கருத்த தாள்துண்டுகள் எழுந்து காற்றில் மிதந்தன. ஒன்று மதிலைத் தாண்டிப் பறந்து வந்து அவர் காலடியில் வீழ்ந்தது. குனிந்து தொட்டார், தொட்ட இடத்தில் பொடியாய்ப் போயிற்று.

வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.  காண்கூடத்துக்கு எப்படி மீண்டார், அந்த நாழிகையை எப்படிக் கழித்தார் என்பதை அவரே பின்னாளில் நினைவுகூர இயலவில்லை.

மௌனம் முடிந்த மணியோசை கேட்டதும் மடத்தலைவி லியோகாதியாவும் எவுபிராசியாவும் தடுப்பின் பின்னே வந்தனர். தந்தை அழைத்த குரலில் என்ன கேட்டதோ, தலைவி அவர் கேளாமலே கருந்திரையை விலக்கினாள். எவுபிராசியாவின் முகத்தில் அடுப்பின் சூடு இன்னும் சிவந்திருந்தது, புருவத்தில் கரி. அமைதியாய்த்தான் நின்றாள்.

“போட்டுட்டியா?” என்றார் தந்தை.

“நீங்கதானே சாமி போடச் சொன்னீங்க?” என்று இடைமறித்தாள் தலைவி. “சொன்னதைச் செஞ்ச பிள்ளையை இப்பிடிப் பேயறைஞ்ச மாதிரி பாத்தா எப்பிடி?”

“சோதனைக்குச் சொன்னேம்மா! எந்திரிச்சதும் நிறுத்தலாம்னு இருந்தேன். மணி அடிச்சிடுச்சு.”

“சேசு மரி சூசை!” தலைவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “நாளைக்கு ரொட்டி சுடறதுக்குன்னு அடுப்பை வேற கனகனன்னு மூட்டி வச்சிருந்தோமே!”

எவுபிராசியா மெல்லப் பேசினாள். “சோதனையா இருக்குமோன்னு எனக்கும் தோணிச்சு சாமி. இந்த வழக்கம் எங்களுக்கும் தெரியும். அடுப்பு வாயில தாளை நீட்டிக்கிட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்ற நேரம் நின்னேன். ஆபிரகாமுக்கு வந்த மாதிரி யாராச்சும் வருவாங்கன்னு பாத்தேன். யாரும் வரல. அப்ப சாமி நெசமாத்தான் சொல்லியிருக்காருன்னு போட்டுட்டேன்.”

கத்தியால் குத்தியிருந்தாலும் அவர் அவ்வளவு துடித்திருக்க மாட்டார். அவள் கைநீட்டிக் காத்து நின்ற அந்நேரம், அவர் கொக்கோக் கஞ்சியைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தாரே! கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஏழாண்டு மறைத்ததைக் கொட்டிவிட்டார். “நான் உன்னை ஆராயலைம்மா. உன்கிட்ட சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு வேண்டுதலே வராது. எத்தனையோ வருசமா வராது. உன் தாளைப் படிச்சாத்தான் வரும். அதைக்கொண்டுதான் உயிரோட இருந்தேன்.”

அவள் முகம் மாறியது. தாள்கள் எரிந்தபோதும் மாறாத முகம், இப்போது வெளுத்தது; மடத்திலேயே அடக்கத்துக்குப் பெயர்போன அக்கன்னியின் குரல் முதன்முறையாய் உயர்ந்தது.

“ஏழு வருசமா ஒரு வார்த்தை சொன்னீங்களா? இது செருக்கு, அது தப்பு, இதை வெட்டு, அதை அடி. வேற என்ன சொன்னீங்க? யாருக்கும் ஆகாத குப்பைன்னுதானே நெனச்சுக்கிட்டேன்! அதனாலதான் சாமி கை நடுங்காமப் போட்டேன். ஒரு மனுசனுக்குப் பசியாத்துதுன்னு தெரிஞ்சிருந்தா, உங்க சொல்லை மீறியிருப்பேன். நரகத்துக்குப் போனாலும் போறேன்னு மீறியிருப்பேன்!”

“அடி பாவி, என்ன பேச்சுப் பேசற!” என்று தலைவி சிலுவை வரைந்துகொண்டாள். கீழ்ப்படிதலின் உருவாய் நின்றவள் வாயிலிருந்தா இச்சொல்!  தந்தையோ, கண்ணீர் தாடியில் வழிய, “திரும்ப எழுதித் தா மகளே” என்று பிச்சைக்காரர்போல் கேட்டார்.

“இருந்தாத்தானே சாமி எழுதறதுக்கு. எழுதி முடிச்சதும் என்னைவிட்டுப் போயிடும். தாள்லதான் இருந்துச்சு.”  கேட்கக் கூசியவளாய், தலையைக் குனிந்தபடி கேட்டாள்: “எந்த வரி சாமி?”

“என்னம்மா?”

“உங்களுக்குப் பசியாத்துனது எந்த வரி? ஒண்ணு சொல்லுங்க. கேட்டுக்கறேன்.”

பேரறிஞர் வாய் திறந்தார். அத்தனை நூல்களையும் மனப்பாடமாய் ஒப்பிப்பவர். ஏழாண்டு வாரந்தவறாமல் அத்தாள்களைப் படித்தவர். ஒன்றும் வரவில்லை! அழுத நாள்கள் நினைவுக்கு வந்தன. அழவைத்த சொற்கள் வரவில்லை. நினைவின் மூலைமுடுக்கெல்லாம் துழாவினார்; தாம் ஓரத்தில் எழுதிய குறிப்புகளே வரிசையாய் வந்து நின்றன.  கடைசியில், எங்கிருந்தோ ஒரே ஒரு வரி பிடிபட, வெள்ளத்தில் கிளையைப் பற்றியவர்போல் அதைப் பற்றிக்கொண்டு சொன்னார்:

“‘இறைவனைத் தேடி ஏணியில் ஏறினேன், மேலே அவன் இல்லை, குனிந்து பார்த்தால், நான் விழாதபடி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.’ இந்த வரிம்மா. இதுதான்!”

எவுபிராசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“அதை நீங்க முத வருசமே வெட்டச் சொல்லிட்டீங்க சாமி. இறைவனை ஏவலாளாக்குதுன்னு எழுதியிருந்தீங்க. அன்னைக்கே அடிச்சுட்டேன்.”

திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். அதன்பின் அவள் எழுதுகோலைத் தொடவேயில்லை. தொடச் சொல்லும் துணிவும் எவருக்கும் இல்லை. தந்தை அன்செல்மோ சாகக்கிடப்போர் கட்டிலருகே அமரும்போதெல்லாம் தம் புலமையை மறந்து அந்த ஏணி வரியையே சொன்னார். கேட்டவர்கள் பிறருக்குச் சொன்னார்கள். யார் எழுதியதென்று அறியாமலே எங்கள் ஊர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் எழுதியவற்றில் மிச்சம் அது ஒன்றே. மிச்சமானதும் பாராட்டினால் அன்று, வெட்டென்று பழித்த குறிப்போடு ஒட்டி நினைவில் நின்றதால்! கற்றறிந்தோரே, நூலில் குற்றங்காணும் கண் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை நான். ஆயினும் எவரோ எழுதிய ஒரு வரி உம்மை ஒரு நாளேனும் தாங்கி நிறுத்தியிருந்தால், எழுதிய கை உயிரோடிருக்கும்போதே போய் அதைச் சொல்லிவிடும். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்.