கைக்குச் சொன்னது

முப்பத்தாறாம் வருஷத்துச் சாரல் காலத்தில், ஜட்கா வண்டிக்காரர் மாடக்கண்ணு ஒரு மதுரைக் குடும்பத்தைக் குற்றாலம் அருவியில் இறக்குவதற்குப் பதிலாக வழியிலிருந்த ஓடையில் வண்டியோடு இறக்கிவிட்டார். முதலில் குதிரையைக் குற்றம் சொன்னார். குதிரை மறுத்துப் பேசாது என்பது ஒரு வசதி. பிறகு எண்ணெயை. குளிக்க வருகிறவர்கள் தலையில் வைத்த எண்ணெயை வண்டியெல்லாம் வழியவிட்டதில் கடிவாள வார் வழுக்கிவிட்டதாம். தென்காசி ஸ்டேஷன் வாசலில் நடித்தே காட்டினார்.

"மதுரைக்காரனுக்கு ஓடையிலயே தீர்த்தம் காட்டிட்டீரே, அண்ணாச்சி! அருவிக்குப் போற சோலி மிச்சம்லா!" என்றான் சக வண்டிக்காரன் சுந்தரபாண்டி. எல்லாரும் சிரித்தார்கள். மாடக்கண்ணுதான் உரக்கச் சிரித்தார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வளைவில் 'இழு' என்று அவர் சரியான நேரத்தில்தான் நினைத்தார். கைதான், பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டதுபோல, சாவகாசமாக வந்து இழுத்தது. அதற்குள் கைக்குழந்தை தாய் மடியிலிருந்து தெறித்துச் சேற்றில் கிடந்தது. காயமில்லை. ஆனால் அது அழ ஒரு மூச்சு நேரமாயிற்று. அந்த ஒரு மூச்சுக்குள்தான் அவர் இப்போது குடியிருந்தார்.

வீட்டில் சீயக்காய் போட்டு உள்ளங்கையைத் தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார்.

"எண்ணெய் எப்பமோ போயிட்டு. இப்பம் தோலு போவுது" என்றாள் மனைவி தங்கத்தாய்.

அன்று சோற்றுருண்டை வாய்க்கு வரும் வழியில் நழுவியது. அவள் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ரசத்தைக் கலக்கினாள். வைத்தியர் வாயு என்றார். மாடக்கண்ணு தலையாட்டிக்கொண்டு வந்தார்.

கடைசியில் டாக்டர் தாணுமாலயனிடம் இழுத்துக்கொண்டு போனவள் தங்கத்தாய்தான்.

"குதிரைக்குப் பாக்க வேண்டிய வைத்தியம், ஐயா. இவ ஆளை மாத்திக் கூட்டியாந்துட்டா."

டாக்டர் சிரிக்கவில்லை. தோள் சதையை அமுக்கிப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். "என் விரலைப் பிடிங்க" என்றார். மாடக்கண்ணு பிடித்தார். பிடித்ததும் வேடிக்கைப் பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஐயா, நாளைக்கும் புள்ளகுட்டியோட வருவாங்க. ஏத்தலாமா, கூடாதா?"

"கூடாது, அண்ணாச்சி. தலை சொல்லுதது நரம்பு வழியா வருது. அந்த நரம்பு சதையைத் தொடுத எடத்துல, வயசாக ஆக, தொடுப்பு ஒண்ணொண்ணா விட்டுப்போவுது. உங்களுக்குக் கொஞ்சம் வெரசாப் போவுது. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. இன்னும் கூடத்தான் செய்யும்."

மாடக்கண்ணு விரலை விடும்படி கைக்குச் சொன்னார். டாக்டர் விரலை இழுத்துக்கொள்ளாமல் காத்திருந்தார்.