தாய்மாமன் கையெழுத்து

என் வீட்டுக்காரர் தங்கவேல் பக்கத்து வீட்டு மீனாட்சிக்குத் தாய்மாமன் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லிக்கும் ஆபீசுக்கும் நடுவில். அதற்கு முந்தின நிமிஷம் வரை அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யோசனை என்னுடையது. அதனால் அப்புறம் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல எனக்கு வராது.

எழுபத்து மூன்றாம் வருஷம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வெள்ளைச்சாமி அண்ணாச்சி குடும்பம். அருப்புக்கோட்டையிலிருந்து வந்து ஜவுளிக்கடை போட்டவர். மனைவி முத்துலட்சுமி. ஒரே பெண் மீனாட்சி, இருபத்தெட்டு வயது, கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முத்துலட்சுமியின் தம்பி சண்முகவேல், ஊரில் பருத்தி வியாபாரம், அக்கா மகள் எனக்குத்தான் என்று முறை கொண்டாடிக்கொண்டிருந்தான். இவள் முடியாது என்றாள். அவன் கோபித்துக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் வந்த மாப்பிள்ளைகளை இவள் விரட்டினாளா, அவர்களாகவே ஓடினார்களா என்பதில் தெருவில் இரண்டு கட்சி. நான் இரண்டிலும் உறுப்பினர்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஜெர்மன் கேமரா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அடையாறு முகத்துவாரம், திருவான்மியூர்க் கடற்கரை என்று கிளம்பிவிடுவாள். கட்டுமரத்தை எடுப்பாள், கட்டுமரக்காரனை எடுக்க மாட்டாள்.

"ஆளே இல்லாம இதென்னடி படம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆள் வந்துட்டா ஆளைத்தான்க்கா எல்லாரும் பாப்பாங்க."

ஆளைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு மாடியில் கூடுகிற புகைப்படக் குழு ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். அதன் தலைவர் ஜவஹர் என்கிற காலேஜ் வாத்தியார். அவர் ஆறே பேரைக் கூட்டிக்கொண்டு இமயமலையில் பிண்டாரி பனியாறு வரை நடந்து போய்ப் படம் எடுக்கப் போகிறார். பஸ் நிற்கும் கடைசி ஊரிலிருந்து ஐந்து நாள் நடை. கடை கிடையாது, தபால் கிடையாது, மனித வாசனையே கிடையாது. பெண்களில் மீனாட்சியும், ராயப்பேட்டையிலிருந்து வஜீஹா என்ற டாக்டரம்மாவும். சேருவதற்கு ஒரு ஃபாரம். கடைசிப் பக்கத்தில், உயிருக்கோ உடம்புக்கோ ஏதாவது நேர்ந்தால் குழு பொறுப்பில்லை என்று அச்சடித்து, கீழே தகப்பனார் அல்லது காப்பாளர் கையெழுத்து, உறவுமுறை என்று இரண்டு கோடு.

அண்ணாச்சியிடம் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் அவள் சொன்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை டில்லி, ஆக்ரா சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறேன் என்று. தீபாவளி வியாபாரத்தில் மூழ்கிக் கிடந்த அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சூதானமாப் போயிட்டு வா தாயி," என்றாராம்.

"அண்ணே, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்," என்று எங்கள் சமையலறை வாசலில் நின்றாள்.

இவர் தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். பொதுப்பணித்துறையில் இருபது வருஷம் குமாஸ்தா. மேலதிகாரி போடாத காகிதத்தில் இவர் போட மாட்டார். "நான் யாருன்னு போடறது? பக்கத்து வூட்டுக்காரன்னா?"

"தாய்மாமன்னு போடுங்க," என்றேன் நான். "அதுக்கு மேல எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

போட்டார். விலாசமும் எங்கள் வீட்டு விலாசம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொண்டுவர வேண்டியவை என்று ஜவஹர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அதில் தோல் பூட்ஸ். அவ்வளவு பெரிய பூட்ஸை வாங்கி வீட்டில் எங்கே ஒளிப்பது? டில்லிக்குப் போகிறவளுக்கு பூட்ஸ் எதற்கு என்று முத்துலட்சுமி கேட்பாளே. "கேன்வாஸ் ஷூ போதும்டி, டிரில் மாஸ்டர் அதைப் போட்டுக்கினுதானே நாள் பூரா ஓடறான்," என்று சொன்னவளும் நான்தான். பனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஐஸ் வண்டிக்காரன் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி.

அவள் போய்ப் பதினாறாம் நாள், காலை பதினொரு மணி. தந்தி பியூன் சின்னப்பையன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான்.

"தங்கவேலு வூடு இதானேம்மா?"

"ஆமா. என்னப்பா?"

"இங்கிலீஸ்ல கீது. படிச்சுச் சொல்லவா?" உறையைப் பிரித்தவன் முகம் மாறியது. "மீனாச்சின்ற பொண்ணு பனில மாட்டிக்கிச்சாம்மா. ஆளை எடுத்துட்டாங்களாம். அல்மோரான்ற ஊர்ல ஆஸ்பத்திரில சீரியஸா கீதாம். கார்டியன் உடனே பொறப்பட்டு வரணும்னு ஜவஹர்னு ஒர்த்தரு அடிச்சிருக்காரு. கார்டியன் யாரு, உன் வூட்டுக்காரா?"

நான் தலையாட்டினேன்.

"இன்னா ஒறவு?"

இந்தத் தெருவில் இந்தக் கேள்வியை முப்பது வருஷமாக மற்றவர்களிடம் கேட்டவள் நான். அவன் நீட்டின நோட்டை வாங்கிக்கொண்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

யார் வீட்டுச் சேதியானாலும் எங்கள் சந்தின் அந்தக் கோடிக்கு அது போய்ச் சேருவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். அன்றைக்கு நாலு எட்டில் இருந்த வாசலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. முத்துலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஊசியை நிறுத்தி என்னையே பார்த்தாள்.

"ஆக்ராவுல ஏதுக்கா பனி?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஃபாரம், கையெழுத்து, உறவுமுறை. அவள் அழவில்லை. "என் கூடப்பொறந்தவன் பேரைக் கேட்டாலே அவுகளுக்கு ஆகாது. இதுல நீங்க வேற ஒரு தாய்மாமனைக் கொண்டாந்துட்டீகளே," என்றாள். ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு, "வாங்க, கடைக்குப் போவோம்," என்று எழுந்தாள்.

கடையில் கால் வைக்க இடமில்லை. அண்ணாச்சி ஒரு குடும்பத்துக்குச் சின்னாளப்பட்டுச் சேலை விரித்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் காதோடு பேசினாள். அவர் அந்தச் சேலையை மடிப்புக் கலையாமல் மடித்தார், அட்டைக்குள் வைத்தார், அடுத்த சேலையை எடுத்தார், கீழே வைத்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உங்க வீட்டுக்காரர் எந்த வயித்துல பொறந்த தாய்மாமன்?"

விரித்திருந்த சேலையை விட்டுவிட்டு அந்தக் குடும்பம் முழுக்க என்னைப் பார்த்தது. மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்று நான் எப்படிப் பார்ப்பேனோ, அதே பார்வை.

அன்று சாயங்காலமே அண்ணாச்சியும் இவரும் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் கிளம்பினார்கள். அறுபத்தைந்தில் தபாலாபீஸ் வாசலில் இந்தி ஒழிக என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர், பக்கத்துச் சந்து சர்தாரிடம் பத்து இந்தி வார்த்தை கேட்டு எழுதி எடுத்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு அதுவும் கிடையாது. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது கடைச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பத்து நாள் முத்துலட்சுமியும் நானும் ஒரே கூரையில் இருந்ததுபோலத்தான். அவள் கடையிலிருந்து வந்ததும் நான் போய் உட்காருவேன். உயிரோடு இருக்கிறாளா என்று அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டுகிறார்கள் என்று அவள் எழுந்தாள். மறுநாள் வந்த இரண்டாவது தந்தியில் மூன்றே வார்த்தை. உயிருக்கு ஆபத்தில்லை, வருகிறோம்.

வந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை என் வீட்டுக்காரரிடமிருந்து பிடுங்க எனக்கு நாலு நாள் பிடித்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை. வழக்கமாக அரை மணியில் எல்லாம் வந்துவிடும்.

பனியாற்றின் எதிரில் குழு இரண்டு நாள் காத்திருந்ததாம், மேகம் விலகவில்லை. மூன்றாம் நாள் ஜவஹர் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார். மீனாட்சி கேமராவோடு ஒரு மேட்டில் ஏறி, இதோ வந்துவிடுகிறேன் என்றாள். ஒரு மணி நேரத்தில் மலை முழுசாகத் தெரிந்தது, எடுத்தாள். திரும்பும்போது பனி கொட்ட ஆரம்பித்து வழி மறைந்துவிட்டது. ஒரு பாறைக்கடியில் பகலின் மிச்சமும் ஓர் இரவும். ஈரக் கேன்வாஸ் ஷூ காலோடு உறைந்துவிட்டது. தேடிப்போன சுமைகாரர்கள் முதுகில் தூக்கி இறக்கினார்கள். வஜீஹா கூடவே இருந்ததால்தான் ஆஸ்பத்திரி வரை உயிர் இருந்தது.

மெட்ராஸிலிருந்து நாக்பூர் வரை அண்ணாச்சி இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்பூரில் ஆரஞ்சு வாங்கி இரண்டை நீட்டினாராம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஜுரம், நினைவில்லை. வலது காலில் மூன்று விரல் கறுத்து விஷம் ஏற ஆரம்பித்திருந்தது. இன்றைக்கே வெட்டாவிட்டால் கால் போகும், அதற்கப்புறம் ஆள் போகும் என்றார் டாக்டர். காகிதத்தை நீட்டி, கார்டியன் யார் என்று கேட்டார்.

"நான் பேனாவை அண்ணாச்சிகிட்ட குடுத்தேன்," என்றார் இவர்.

"சரி."

"வாங்கினாரு. காகிதத்துல அந்தக் கோட்டைப் பாத்தாரு. திருப்பி என்கிட்டயே குடுத்துட்டாரு. அனுப்பி வெச்சவரு நீங்கதானே, நீங்களே போடுங்கன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? போட்டேன்." சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "இனிமே யாரு எதை நீட்டினாலும் என்னைக் கூப்பிடாத. ரேஷன் கார்டா இருந்தாலும் சரி."

நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மீனாட்சி மூன்று விரல் போன காலில் கட்டோடு வீட்டில்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் சம்பளமில்லாத லீவு கொடுத்திருந்தது. ஜவஹர் அந்த மலைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தார். அதை அவள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். நான் ஒருநாள் திருப்பிப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? வெள்ளை, சாம்பல், மேலே கறுப்பாக ஆகாசம். அழகு என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பவும் சுவர்ப் பக்கம் வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி அவளுக்கு மருந்து வாங்கி வருவார், பழம் வாங்கி வருவார். அவள் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் மட்டும் வீட்டில் இருக்க மாட்டார். அந்தக் காலை அவர் இன்னும் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை என்று முத்துலட்சுமி என்னிடம் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது மீனாட்சி தனியாக இருந்தாள். பக்கத்தில் டிங்சர், பஞ்சு, புதுத் துணி.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில யாரு கையெழுத்துப் போட்டது? அப்பாகிட்ட கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாக. அண்ணன் என்னைப் பாத்தாலே அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு."

"அதெல்லாம் இப்ப எதுக்குடி?"

"அப்பா போட்டிருந்தா எனக்குப் போதும்க்கா. பொய் சொல்லிட்டுப் போனவளை வேணாம்னு விடலைன்னு நினைச்சுக்குவேன்."

தெரிந்த சேதியை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

"உங்கப்பாதான்டி. வேற யாரு?"

"இல்ல தாயி."

வாசலில் அண்ணாச்சி. கடையிலிருந்து எப்போது வந்தாரோ, கையில் பிளாஸ்க். "நான் போடல. பேனாவை வாங்கினேன், கை வரல. தங்கவேலுதான் போட்டாரு. பழியையும் அவரு தலையிலயே வெச்சேன்."

மீனாட்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல உங்ககிட்டயே கேட்டிருந்தா, போறதுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீகளாப்பா?"

"மாட்டேன்."

"தெரியும்ப்பா."

அவள் குனிந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. துணி ஒட்டிக்கொண்ட இடத்தில் பல்லைக் கடித்தாள்.

"பாக்கறீகளா?" என்றாள், நிமிராமல்.

அண்ணாச்சி வெளியே போகவில்லை. பிளாஸ்கைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

நான் எழுந்து அவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். பார்த்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெருவில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.