மூன்றாம் நம்பர் பெல்ட்

அறுத்துச் சாய்த்த தைலமரத்தை ஈரம் காய்வதற்குள் உரித்துவிட வேண்டும். ஒரு பகல் வெயில் பட்டுவிட்டால் பட்டை மரத்தோடு இறுகிப்போகும். இழுக்கிற கைதான் கிழியும். ஆகவே அன்னூருக்கு வடக்கேயிருந்த அந்தத் தோப்பில் ரம்பம் அலறத் தொடங்கிய கால்மணி நேரத்துக்குள் பொற்கொடியும் மற்ற நான்கு பெண்களும் கொடுவாளோடு குனிந்துவிட்டார்கள். உரித்த கட்டைகளைத் தோளில் ஏற்றி, உழவுசால்களைத் தாண்டி, லாரிக்குச் சுமப்பதும் அவர்கள் வேலைதான்.

பாவாத்தாள் எட்டாவது கட்டையை இறக்கிவிட்டு, மூச்சு இரைக்க லாரியின் மறைவில் நின்றாள். பொங்கலுக்குப் பிறகு இப்படித்தான். ஐம்பத்தாறு வயது. புருஷன் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்ததால், அந்த வீட்டு அடுப்பு அவள் தோளை நம்பித்தான் எரிந்தது. அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பொற்கொடி குறுக்கே நின்று தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மரக் காண்ட்ராக்டர் திருமலைசாமி நின்றிருந்தார்.

அவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். "ஆராய்ச்சிக்காரங்க வாராங்க. நெஞ்சுல பெல்ட்டக் கட்டிப் பாப்பாங்களாம். யாருக்கு ஆவாதுன்னு அதுல தெரிஞ்சு போயிரும். ஆவாதவங்கள வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பிக்கப் வந்தது. அதிலிருந்து தேஜஸ்ரீ இறங்கினாள். மரவெட்டு வேலையில் உடம்பு படும் பாட்டை அளந்து எழுதும் ஆராய்ச்சி மாணவி. தார்ப்பாய் சுற்றிய ஏதோ ஒன்றை டிரைவரும் கூட வந்த ஆட்களும் தூக்கி இறக்கி வரப்போரம் வைத்தார்கள். அளக்கிற சாமான் போல என்று யாரும் கேட்கவில்லை. தேஜஸ்ரீயிடம் நெஞ்சுத் துடிப்பைப் பதிவுசெய்யும் பெல்ட்டுகள் நான்குதான் இருந்தன. போன மாதம்தான் வேலைக்கு வந்த இளவேனிலை விட்டுவிட்டு, மற்ற நால்வரின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டாள். பாவாத்தாளுக்கு மூன்றாம் நம்பர்.

"மறைவாப் போயிக் கட்டிக்குங்கக்கா. நான் இங்கயே நிக்கறேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேலையை விரித்துப் பிடித்த மறைவில் பொற்கொடி மூன்றாம் நம்பரைப் பாவாத்தாளின் கையிலிருந்து வாங்கினாள்.

"இளவேனி, இத நீ கட்டு. மேல சட்டையப் போட்டுக்க."

"நானா? மாட்டிக்கிட்டா?"

"மாட்டுனா நாஞ் சொல்லிக்கறேன். கட்டு."

பாவாத்தாள் அந்தப் பெண்ணின் முதுகில் கொக்கியை மாட்டிவிட்டாள். "எம்பட நெஞ்சப் பத்தரமா வெச்சுக்க கண்ணு. சாயந்தரம் திருப்பிக் குடுத்துப்போடோணும்."

"இத்தன ஓட்ட ஒடசல வெச்சு நான் என்னக்கா பண்ணப்போறேன்?"

அளவெடுத்த மூன்று நாளும் அப்படியே நடந்தது. இருபத்திரண்டு வயதின் நிதானமான துடிப்பு பாவாத்தாளின் பெயரில் பதிவாகிக்கொண்டிருந்தது. பாவாத்தாளோ, வெறும் நெஞ்சோடு, வழக்கம்போல லாரி மறைவில் நின்று மூச்சு வாங்கினாள்.

பத்தாம் நாள் பிக்கப் மறுபடியும் வந்தது. தேஜஸ்ரீ வரப்போரம் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தாள். உள்ளே, அகலமான ரப்பர் சக்கரங்களும் நீண்ட கைப்பிடியும் கொண்ட இரும்பு வண்டி ஒன்று இருந்தது.

"இது என்னதுங்க அம்மணி?" என்றாள் பொற்கொடி.

"கட்ட இழுக்கற வண்டிங்கக்கா. எங்க சார் புதுசா செஞ்சது. பதினஞ்சு கட்ட ஏத்தி ரெண்டு பேர் தள்ளுனாப் போதும், உழவுசால்லயும் ஓடும். தோள்ல சொமக்கவே வேண்டாம்." அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது. "மொத்தமே ஒண்ணுதான் இருக்குது. நாலு பேர்ல ஒருத்தருக்கு அளவு தாண்டியிருந்தாக்கூட உங்களுக்குத்தான் குடுத்திருப்போம். ஆனா பாவாத்தாளக்காவுக்கே சின்னப் பொண்ணாட்டம் அடிக்குது. மிதமான வேலைன்னு முடிவாகிப்போச்சு. மதுக்கரைப் பக்கம் ஒரு தோப்புக்குக் கேட்டிருக்காங்க. சக்கரத்துல மண்ணு படாமப் புதுசாவே குடுக்கணுமாம், தூக்கித்தான் ஏத்தணும்."

பொற்கொடி வண்டியையே பார்த்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லக் கூடாதுங்கக்கா. முன்னாடியே தெரிஞ்சா அளவு மாறிப்போயிருமாம்."

பொற்கொடி கொடுவாளை மரத்தில் கொத்தி நிறுத்தினாள். "அம்மணி, மறுக்கா ஒருக்கா அளக்கோணுமுங்க. அந்த மூணாம் நம்பர..."

லாரிக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த திருமலைசாமி திரும்பினார். "மூணாம் நம்பருக்கு என்னம்மா? பாவாத்தாளுக்கு ஆவலையா?"

ரம்பம் நின்றிருந்தது. இளவேனில் தலை கவிழ்ந்தாள். பொற்கொடி அவரை நேராகப் பார்த்தாள். "அதில்லீங்க. எனக்கு அளங்க. எல்லாத்துக்கும் அளங்க. நாங் கேக்கறேன், அளங்க."

"அறிக்கை போயிருச்சுங்களேக்கா," என்றாள் தேஜஸ்ரீ. "இனி அடுத்த வருசந்தான்."

"அடுத்த வருசமும் வருவமுங்க. அன்னைக்கும் கேப்பேன்."

திருமலைசாமியின் பார்வை பாவாத்தாளைவிட்டு அகலவில்லை. தோளிலிருந்த கட்டையை இறக்கிப்போட்டுவிட்டு அவளே முன்னால் வந்தாள்.

"எனக்கென்னுங்க? நல்லாத்தான் இருக்கறேன்." வண்டியின் ஒரு மூலையில் குனிந்து கையைக் கொடுத்தாள். "மசமசன்னு நிக்காத பொற்கொடி. புடி. அந்தப்புள்ளைக்கு நேரமாகுதல்லோ."

நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துத் தோளுக்கு ஏற்றினார்கள். இரும்பு நினைத்ததைவிடக் கனத்தது. பொற்கொடி தன் பக்கத்தை உயர்த்தி, பாரத்தைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அப்படியும் பாவாத்தாளின் மூச்சு அவள் காதோரம் விசிலடித்தது. உழவுசால்களில் தடுமாறித் தடுமாறி அவர்கள் பிக்கப்பை நோக்கி நடந்தார்கள். மண்ணே படாத ரப்பர் சக்கரங்கள், அவர்கள் தோளுயரத்தில், காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.