மூன்று நாள் முறை

"ஏறித் திருப்ப ஆளில்லேன்னு மட்டும் சொல்லாதீங்க பாய். தலைவர் வூட்டு மாடியில டிவி கம்பியைத் திருப்ப தெனம் சாயங்காலம் பசங்க அடிச்சிக்கிட்டு ஏறுறாங்க."

"அது வூடும்மா. ஏணி இருக்குது, படி இருக்குது. இது மொட்டைக் கம்பம்."

"இந்த மொட்டைக் கம்பத்துலதான் எம்புருசன் ஏறினாரு."

"ஏறினாரு. அதனாலதானே இப்ப யாரும் ஏற மாட்டேங்கிறாங்க."

சொன்ன பிறகுதான் தஸ்தகீர் பாய்க்கு உறைத்தது. தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பஞ்சாயத்து ரேடியோ ரூமின் வாசலில்தான் அவர் தைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குச் சட்டை தைப்பதும், காலையும் மாலையும் ரேடியோவைப் போட்டு அணைப்பதும் அவருடைய வேலைகள். உள்ளே ரேடியோப் பெட்டி பூட்டிக் கிடந்தது. அதிலிருந்து புறப்பட்ட ஒயர் ஜன்னல் வழியாக வெளியே வந்து இரும்புக் கம்பத்தில் ஏறி, உச்சியில் இருந்த ஒற்றை ஒலிபெருக்கியில் முடிந்தது. கல்லாத்துப்பட்டியில் அதற்குக் 'கொழா' என்று பெயர். கொழாவின் வாய் கோயில் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. அதன் முதுகு காலனிப் பக்கம்.

முனியம்மாள் அந்த முதுகுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். களை வெட்டிய கையோடு வந்திருந்தாள். விரல் இடுக்குகளில் மண் காய்ந்து வெளுத்திருந்தது.

"இன்னிக்குச் சனிக்கிழமை பாய். எங்க முறை."

"முறை நின்னு ஒரு மழைக்காலமே போயிடுச்சேம்மா."

"நின்னுச்சுன்னு யாரு சொன்னது? கூட்டம் போட்டாங்களா? தண்டோரா போட்டாங்களா?"

பாய் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

முன்பு இரண்டு கொழாக்கள் இருந்தன, ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. ஒரு கோடை மழையில் இடி விழுந்து பெட்டி கருகிப்போனது. யூனியன் ஆபீசில் போய்க் கேட்டபோது, வரும்போது வரும் என்றார்கள். கல்லாத்துப்பட்டி காத்திருக்கவில்லை. அதுவரை எதற்கும் ஒன்றுசேராத ஊர் ரேடியோவுக்காக ஒன்று சேர்ந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு கேழ்வரகும் புளியும் அளந்து கொடுத்தார்கள். அதை அரூர்ச் சந்தையில் போட்டுப் பழைய பெட்டி ஒன்று வாங்கினார்கள். காலனிக்காரர்கள் கொடுத்தது தோளை. வண்டி சேற்றில் புதைந்தபோது இரும்புக் கம்பத்தை ரோட்டிலிருந்து தூக்கி வந்தது அவர்கள். பாறையில் கடப்பாரை போட்டுக் குழி எடுத்ததும் அவர்கள்தான். தருமபுரியிலிருந்து வந்த மெக்கானிக், இந்தப் பெட்டி ஒரு கொழாவைத்தான் இழுக்கும், இரண்டைக் கொடுத்தால் இரண்டும் முனகும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒன்று எந்தப் பக்கம் பார்ப்பது என்று சண்டை வந்தது. கடைசியில் யாரோ ஏரித்தண்ணீரை நினைவுபடுத்தினார்கள். ஏரி மடையைத் திறக்கும்போது மேல்காட்டுக்கு நாலு நாள், கீழ்க்காட்டுக்கு மூன்று நாள் என்று முறை வைத்துத்தானே தண்ணீர் விடுகிறோம், கொழாவையும் அப்படியே விட்டுவிடலாமே! ஞாயிறு முதல் புதன் வரை ஊருக்கு. வியாழன், வெள்ளி, சனி காலனிக்கு.

யார் ஏறித் திருப்புவது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. புளியமரம் உலுக்குகிற மாயவன் இருக்கும்போது அதை எதற்குக் கேட்க வேண்டும்? முனியம்மாளின் புருஷன் வாரம் இரண்டு தடவை கம்பம் ஏறினான். காற்றைத் திருப்பிவிடுகிறவன் மாதிரி உச்சியில் ஒரு கணம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்குவான்.

தூறல் விழுந்த ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் ஏறினான். கொழாவை ஊர்ப் பக்கம் திருப்பி, திருகாணியை முடுக்கிவிட்டு இறங்கும்போது வழுக்கினான். இடுப்பு எலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் எழுப்பி உட்காரவைத்தார்கள், அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. அன்று முதல் அவனுக்குக் கட்டில். கொழா அன்று எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இனிமேல் ஒருத்தரும் கம்பம் ஏறக் கூடாது, உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று தலைவர் தர்மன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கறையோடுதான் சொன்னார்.

"எறங்கும்போது வுழுந்ததுக்கு ஏறும்போதே வுழுந்திருந்தா கொழா நம்ம பக்கமாவது நின்னிருக்கும்" என்று முனியம்மாள் ஒருநாள் கிணற்றடியில் சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

போன மாதம் ஜீப் வந்தது. தங்கள் ரேடியோவைத் தாங்களே காப்பாற்றிய ஊர்களைப் பற்றி நிகழ்ச்சி செய்கிறார்களாம், வானொலி நிலையத்திலிருந்து ஆட்கள். தலைவர் மாலை போட்டார், மோர் கொடுத்தார், மைக்கில் வெகுநேரம் பேசினார். முறை வைத்துத் திருப்புகிற கதையைக் கேட்டதும் அவர்களோடு வந்த பெண்ணுக்குக் கண்கள் விரிந்துவிட்டன. ஏறுகிறவரைப் பார்க்க வேண்டும் என்றாள். வேறு வழியில்லாமல் காலனிக்கு அழைத்துவந்தார்கள். மாயவனின் கட்டிலருகே மைக்கை நீட்டி, "முறை இப்பவும் நடக்குதுங்களா?" என்று கேட்டாள்.

குடிசைக்கு வெளியே தர்மன் நின்றிருந்தார். மாயவன் அவரைப் பார்த்தான். மைக்கைப் பார்த்தான்.

"நடக்குதுங்க. நாலு நாள் அவங்களுக்கு, மூணு நாள் எங்களுக்கு. யாரும் மாத்தலீங்க. சனிக்கிழமை எங்க முறை. கட்டில்ல படுத்துக்கிட்டே கேப்பேனுங்க."

"நல்லாச் சொன்னே மாயவா" என்று தர்மன் உள்ளே வராமலே சொன்னார்.

ஜீப்பின் புழுதி அடங்கும்வரைகூட முனியம்மாள் பொறுக்கவில்லை. "ஏன்யா பொய் சொன்னே? அந்த ஆளு மூஞ்சியப் பாத்ததும் பயந்துட்டியா?"

"பயமா? போடி." மாயவன் சிரித்தான். விழுந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "ரேடியோவுல சொன்னதை ஊரு தட்டுமா? புது நெல்லு போடுன்னு ரேடியோ சொன்னுச்சு, போட்டாங்க. கொழந்தைக்குச் சொட்டு மருந்து குடுன்னு சொன்னுச்சு, குடுத்தாங்க. கொழா மூணு நாளு எங்க பக்கம் இருக்குதுன்னு அதே ரேடியோ சொல்லும். ஊரே உக்காந்து கேக்கும். கேட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுத் திருப்பாம இருப்பாங்க? நீயே பாரு."

அவளுக்கு அது புத்திசாலித்தனமாகவும் பட்டது, பைத்தியக்காரத்தனமாகவும் பட்டது. ஆனால் அன்று முதல் அவன் வயிறாரச் சாப்பிட்டான். இன்று சாயங்காலம் அந்த நிகழ்ச்சி. காலையிலேயே முகம் மழித்துவிடச் சொன்னான். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிடச் சொன்னான்.

"ரேடியோவுல உன் மூஞ்சியா தெரியப்போவுது?"

"எங்கொரலு வரும்போது நான் அழுக்கா இருக்கறதா?"

காலனியில் இருந்த ஒரே டிரான்சிஸ்டரைக் குள்ளம்மாளின் மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டான். முதுகுப் பக்கத்திலிருந்து கேட்டால் கொழா பேசுவது பானைக்குள் யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கும், வார்த்தை பிரியாது. மாயவனைக் கட்டிலோடு தூக்கிவந்து கம்பத்தடியில் போடலாமா என்று முனியம்மாள் தலைவரிடம் நேற்றே கேட்டுவிட்டாள். "உசுரோட இருக்கறவனைக் கட்டில்ல வெச்சித் தூக்கிக்கிட்டுக் கோயில் தெருவுல வர்றதா? பாக்கறவங்க என்னா நெனப்பாங்க? அவனுக்கே நல்லதில்லம்மா" என்றார். அதையும் அக்கறையோடுதான் சொன்னார்.

"அப்ப நான் ஏறுறேன்" என்று பாயிடம் சொல்லிவிட்டு முனியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

தஸ்தகீர் பாய் பதறி எழுந்தார். மடியில் கிடந்த துணி கீழே விழுந்தது.

"வேணாம்மா. உனக்குப் புண்ணியமாப் போவும். நீ ஏறுனா என் சாவியை வாங்கிடுவாங்க. இந்த ஊர்ல நான் ஒத்தை வூட்டுக்காரன். எனக்குன்னு பேச இங்க யாரு இருக்காங்க?"

கம்பத்தின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. வெயிலில் கம்பம் இன்னும் சூடாக இருந்தது. அதற்குள் ஜமுக்காளம் விரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயில் தெரு முழுவதும் அன்று டிவியை விட்டுவிட்டு ரேடியோவுக்கு வந்தது. பெண்கள் தலையில் பூ வைத்திருந்தார்கள். தர்மன் சலவைச் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தலைவருங்களே, இன்னிக்கு எங்க முறைங்க" என்றாள் முனியம்மாள்.

"முறைதாம்மா. யாரு இல்லேன்னது? ஆனா பாரு, ஊரே இங்க உக்காந்திருக்குது. இப்பப் போயித் திருப்புனா இவங்க எல்லாம் எதைக் கேப்பாங்க? இன்னிக்கு ஒருநாள் வுட்டுக் குடு. அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்."

"அடுத்த சனிக்கிழமை அவரு பேச மாட்டாருங்களே."

"ஏன் முனியம்மா, வூட்டுல தெனமும் பேசறாரு இல்ல? அதைக் கேளு, போதும்!" என்று பின்னால் இருந்து ஒருத்தன் சொன்னான். கூட்டம் குலுங்கியது.

பாய் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். கொழா தொண்டையைச் செருமியது. சந்தை நிலவரம் முடிந்து, மழை நிலவரம் முடிந்து, கல்லாத்துப்பட்டியின் பெயர் வந்ததும் விசில் பறந்தது. முதலில் தலைவரின் குரல். தன் குரலுக்குத் தானே தலையாட்டிக்கொண்டு கேட்டார் தர்மன். அப்புறம் கேழ்வரகு அளந்தவர்கள், புளி கொடுத்தவர்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கூச்சல், ஒரு சிரிப்பு. கம்பம் சுமந்தவர்களைப் பற்றி அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டு, "இப்போது மாயவன் பேசுகிறார்" என்றாள்.

முனியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அவன் விழுந்த உயரத்திலிருந்தே அவன் குரல் வந்தது. கட்டிலில் கிடக்கிறவனின் குரலாக அது இல்லை. மரத்தின் மேலிருந்து, கீழே நிற்காதீங்க, விலகுங்க என்று கத்துவானே, அந்தக் குரல்.

"நடக்குதுங்க. நாலு நாள் அவங்களுக்கு, மூணு நாள் எங்களுக்கு. யாரும் மாத்தலீங்க..."

அவள் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். தலை கவிழ்கிற ஒரு முகத்தை, கொழாவை ஒருதரம் அண்ணாந்து பார்க்கிற ஒரு ஜோடிக் கண்ணைத் தேடினாள். யாரோ கை தட்டினார்கள். "நல்லாப் பேசறானே" என்றது ஒரு குரல். ஒரு கிழவர் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது. ரேடியோ சொன்னதை ஊர் தட்டாது என்று மாயவன் நம்பினான். ஊரும் தட்டவில்லை. முறை நடக்கிறது என்று ரேடியோவே சொல்லிவிட்டது. இனி அதை நடத்த வேண்டிய தேவை இல்லை.

ரேடியோ ரூம் வாசலில் தஸ்தகீர் பாய் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"...சனிக்கிழமை எங்க முறை..." என்றது மேலிருந்து அவன் குரல்.

அங்கே காலனியில் வெள்ளைச் சட்டையோடு ஒருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு பானைக்குள் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பான். முனியம்மாள் ஜமுக்காளத்தின் ஓரம்வரை வந்தாள். மிதிக்காமல் நின்றாள். தலைவரைப் பார்த்தாள், டிவி கம்பி திருப்ப மாடி ஏறுகிற பையன்களைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். மண் காய்ந்த இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"சாமி, இன்னும் அவரு பேசி முடிக்கல. முடிக்கறதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் ஏறி, கொழாவை ஒரு சாண் அந்தப் பக்கம் திருப்பி வுடுங்களேன்..."