கொதிக்காத சுண்ணாம்பு

மருந்து அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால், யாரோ ஏலச் செடிகளுக்கு இஸ்திரி போட வந்து பெட்டியை அப்படியே மறந்துவிட்டுப் போனதுபோல இருந்தது. இலைகள் ஓரம் சுருண்டு, நடுவில் காப்பித்தூள் நிறத்தில் வெந்துபோயிருந்தன. அப்போதுதான் பூச்சரம் விட்டிருந்த செடிகள். பூவும் கருகிவிட்டது. குரங்கணிக்கு மேலே குத்தகைக்கு எடுத்த சரிவு அது. எங்களுக்கு வேறு சரிவும் கிடையாது, சமதளமும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் சிரிப்பு வரும், அது ஒரு வியாதி. அன்றைக்கு அந்த வியாதியும் என்னைக் கைவிட்டுவிட்டது.

மழைக்கு முன்னால் அழுகல் நோய்க்கு எல்லோரும் அடிக்கிற மருந்துதான். ஒரு பீப்பாயில் மயில்துத்தம், இன்னொன்றில் சுட்ட சுண்ணாம்பு, பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். துத்தத்தின் வீரியத்தைச் சுண்ணாம்பு அடக்காவிட்டால் அது இலையைச் சுட்டுவிடும். அதனால் கலந்த தண்ணீரில் அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்போம். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். மருந்து கலந்த அன்றைக்கு நானும் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தேன்தான்.

"எங்கண்ணன் கடைச் சரக்க சோதிச்சுப் பாப்பீகளோ?" என்றாள் என் மனைவி வேலுத்தாய். "நாளைக்கி என்னையும் ஒரு கல்லுல ஒரசிப் பாருங்க."

பிறந்த வீட்டுச் சரக்கைச் சோதிப்பது, பெண் எடுத்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்து இலையை முகர்ந்து பார்ப்பதற்குச் சமம். அரிவாளை இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றியதும் பொங்கிச் சீற வேண்டிய சுண்ணாம்பு, குளத்தில் இறங்கின எருமை மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டதை இருவருமே பார்த்தோம். மலைக் குளிருக்கு அப்படி இருக்கும் என்று நான் ஒரு விஞ்ஞானமும் சொன்னேன்.

வேலுத்தாய் கருகிய இலையைத் திருப்பிப் பார்த்தாள். மூட்டையில் மிச்சம் இருந்ததைக் கையில் அள்ளினாள். எச்சில் துப்பிக் கட்டைவிரலால் தேய்த்தாள். காத்திருந்தாள். சூடு ஏறவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மலையிறங்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். வழியில் இரண்டு நகைச்சுவை சொல்லிப் பார்த்தேன். அவை பள்ளத்தில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

போடியில் மச்சான் பேச்சிமுத்துவின் கடை வாசலில் ஜீப்பு நின்றது. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரி மாயக்காள் முன்சீட்டில் இருந்தாள். பின்னால் எங்களுக்குக் கொடுத்த அதே வெள்ளை மூட்டைகள், மலைக்குப் போகிற லோடு. டிரைவர் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கடைக்குள்ளே மச்சான் ஒரு கொத்தனாருக்கு வெள்ளைத் தூளை உள்ளங்கையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மார்பிள் தூளுய்யா, வெண்ணெ மாதிரி இருக்கும். மொசைக் தரைக்குப் போடலாம், வீட்ல பொம்பளைக பாத்திரம் வெளக்கலாம், வாசல்ல கோலம் போடலாம். கோழிக்கு ஒரு சிட்டிகை வச்சா முட்டை ஓடு கல்லாட்டம் இருக்கும்."

"ஏலச் செடிக்கும் அடிக்கலாம்னு சொல்லுண்ணே," என்றாள் வேலுத்தாய்.

மச்சான் திரும்பினார். நொடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டார், அதில் அவர் கெட்டிக்காரர். "வா தாயி. வாங்க மாப்ளே. என்ன சோலியா வந்தீக?"

"செடி பூராம் வெந்துபோச்சு."

"அது வேற மூட்டை, இது வேற மூட்டை தாயி. மலைக்கு ஏத்துறது சூளைச் சுண்ணாம்பு." ஜீப்பில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "பச்சைச் சுண்ணாம்பு! கைய விட்டா தோலு உரிஞ்சுரும். மாப்ளே கலக்கத் தெரியாமக் கலக்கியிருப்பாரு. அவருக்குச் சோத்துல கொழம்பையே ஒழுங்கா ஊத்தத் தெரியாது."

கொத்தனார் சிரித்தார். என்னைப் பற்றிய நகைச்சுவைகளை நானே சொல்லித்தான் எனக்குப் பழக்கம். முதல்முறையாக என் கை, அரிவாள் இருக்கிற பக்கம் போனது.

வேலுத்தாய் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஜீப்புக்குப் போய், ஒரு மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்து, கடை வாளியில் பாதி கொட்டினாள். குடத்துத் தண்ணீரை எடுத்து அப்படியே அதில் கவிழ்த்தாள்.

"கைய விடுண்ணே."

"பைத்தியமா ஒனக்கு? தண்ணி ஊத்தி நீத்துற சுண்ணாம்புல எவனாச்சும் கைய விடுவானா? வெந்துரும்."

"வெந்துருமா?"

"வெந்துரும்!"

அவள் வளையலை மேலே தள்ளிவிட்டு, வலது கையை முழங்கை வரைக்கும் வாளிக்குள் இறக்கினாள்.

"அய்யய்யோ, பாவி மகளே!" மாயக்காள் முன்சீட்டிலிருந்து விழுந்தடித்து இறங்கி ஓடிவந்தாள். டிரைவர் கயிற்றை விட்டுவிட்டுத் தாவினான். கொத்தனார் வாளியை உதைக்கக் காலைத் தூக்கினார். நான் அந்தத் தூளைப் பீப்பாய் பீப்பாயாகக் கரைத்தவன், அது சுடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் கை அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மச்சான் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கூடப் பிறந்தவள் கை வெந்துபோகும் என்று சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது.

மாயக்காள் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். முழங்கை வரை வெள்ளை. முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொப்புளம் தேடினாள். திருப்பிப் போட்டுத் தேடினாள். துடைப்பது மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பிறகு தலையைத் தூக்கிக் கடைக்குள் பார்த்தாள்.

டிரைவர் போய்க் கயிற்று முடிச்சில் கை வைத்தான். இழுத்துக் கட்டுவதற்கு அல்ல.

வேலுத்தாயின் விரல் நுனிகளிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு கைகளும் தராசுத் தட்டைப் பிடித்திருந்தன. தட்டில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.