கை தூக்காதவர்

1

அரசியலமைப்பு எதற்கு என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். 'பெரும்பான்மையின் அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு' என்று தொடங்கினேன்; எனக்கே கொட்டாவி வந்தது. கட்டுரையை மூட்டைகட்டி ஒரு வாடகைக் கார் நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன்.

2

அங்கே ஓட்டுநர் சங்கத்துக்கு ஒரு தலைவர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நல்ல மனிதர். [நல்லவராக இருந்தால் கதை நகராது. மாற்றவேண்டும்.] மாற்றவில்லை.

இன்னொருவர் சிடுமூஞ்சி. பட்டப்பெயரே அதுதான். யார் வணக்கம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் வரிசையை மீறி முன்னால் போய்ச் சவாரி ஏற்றிவிட்டார். ஏறியவள் நிறைமாதக்காரி, வலி தாங்காமல்

இல்லை. அவருக்காக வாதாடுவது என் வேலையல்ல.

3

சங்க அறையில் தலைவரே புகார் சொன்னார்: இவரை நிறுத்தத்தை விட்டு நீக்கவேண்டும். நீக்கினால் சிடுமூஞ்சியின் பிழைப்பில் மண்தான். வேறு யாருக்கெல்லாம் இதே புகார் என்று தலைவர் கேட்டார். அத்தனை கைகளும் உயர்ந்தன. (கதையை இங்கேயே முடித்துக்கொண்டு தூங்கப் போயிருக்கலாம்.)

ஆனால் சங்கத்தில் ஒரு விதி: புகார் சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய தலைவரின் கொட்டத்தை அடக்க இந்தத் தலைவரே மல்லுக்கட்டிக் கொண்டுவந்தது. எழுந்தார். மூத்த ஓட்டுநரை உட்காரச் சொன்னார். அவரும் கை தூக்கியவர், அதாவது புகார்க்காரர். செயலாளரோ இரண்டு கையையும் தூக்கியிருந்தார். ஒற்றுமையாகத் தூக்கித் தொலைத்ததில் நாற்காலிக்கு ஆள் மிச்சமில்லை.

"விதியை இன்னைக்கு ஒரு நாள் ஓரமா வைங்க தலைவரே" என்றார் செயலாளர்.

தலைவருக்கும் ஆசைதான். இன்று இவனுக்கு ஓரம் வைத்தால் நாளை யாருக்கோ என்று நினைத்து நாற்காலியை விட்டு இன்னும் ஓர் அடி தள்ளி நின்றார்.

"நானே புகார்க்காரன். நான் எப்படிங்க வைக்கறது?"

கதவோரம் நின்ற சிடுமூஞ்சி அப்போதுதான் வாய் திறந்தார். "என்ன நடந்துச்சுன்னு என்னை இன்னும் யாரும் கேக்கலையே."

4

முடிவு அ: நீக்குகிறார்கள்.

முடிவு ஆ: மன்னிக்கி

இரண்டையும் அடித்துவிட்டேன். அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித்தான், நானும் புகார்க்காரன். ஆகவே எழுந்துகொள்கிறேன்.

நாற்காலி காலியாக இருக்கிறது. இந்த அறையில் கை தூக்காதவர் நீங்கள் ஒருவர்தான். உட்காருங்கள். முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள்.